கரைந்தவனைக் காய்ச்சியது

கடலிலிருந்து வந்து குளிக்க உட்கார்ந்த லௌரிட்ஸ் தொட்டியிலேயே கரைந்துபோனான். அவன் மனைவி போடில் துண்டெடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். தொட்டியின் அடியில் கல்யாண மோதிரம் மட்டும் கிடந்தது. எங்கோ ஓடிப்போயிருப்பான் என்று லேஸோ தீவில் சிலர் பிற்பாடு பேசினார்கள். அம்மணமாக, தரையில் ஓர் ஈரத்தடம் கூடப் படாமல் எவன் ஓடுவான்? வாய் இருக்கிறதென்று பேசுவார்கள்.

போடில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு. அவள் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவள். கரைந்த உப்பு எங்கேயும் போய்விடாது, காய்ச்சினால் வந்துவிடும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஆனால் ரத்தமும்தான் கரிக்கிறது. ரத்தத்தைச் சூடாக்கினால் கட்டியாகிவிடும், அப்புறம் எத்தனை தண்ணீரில் போட்டாலும் ரத்தமாகாது. முட்டையும் அப்படித்தான், வெந்தால் வெந்ததுதான். தொட்டிக்குள் இருப்பவன் உப்பின் ஜாதியா, முட்டையின் ஜாதியா? தப்பாகத் தீ மூட்டினால் புருஷனைத் தன் கையாலேயே சமைத்தவளாவாள். மூட்டாமலும் இருக்க முடியாது, தொட்டியின் பலகை இடுக்கில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் மெழுகை அப்பினாள். அவசரத்தில் பாதி மெழுகு தரையில் விழுந்தது.

பாதிரியார் வந்தார், எட்டிப் பார்த்தார், முகம் வெளுத்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி முறைப்படி ஊற்றிவிடலாம் என்றார்.

"யார ஊத்தப் போறீங்க? மண்ணு உறிஞ்சிட்டா எந்தக் கெணத்துல போய் நான் என் புருஷனத் தேடுவேன்?"

அவர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். அங்கே தொடங்கிய ஜெபம் பாதியில் மறந்துபோயிற்று.

போடில் ஒரு கரண்டி மொண்டு நெருப்பில் காட்டினாள். எந்த உறுப்பை மொண்டாளோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். கருகல் வாடை வரவில்லை. நீர் வற்றி வெள்ளைப் பொடி நின்றது. அதைத் திரும்பத் தொட்டியில் கொட்டினாள், மறுபடி கரைந்தது. கரண்டிக்கு இது சரி, முழு மனிதனுக்குச் சரியாக வருமா?

போடிலும் லௌரிட்ஸின் தங்கை சிட்ஸெலும் தண்ணீரைக் கொட்டகையின் இரும்புக் கொப்பரைக்கு மாற்றினார்கள். தீவின் காட்டை உப்புக் கொட்டகைகள் எப்போதோ தின்று தீர்த்திருந்தன, விறகுக்குப் பஞ்சம். கட்டில் எரிந்தது, கதவு எரிந்தது, போதவில்லை. மிச்சமிருந்தது லௌரிட்ஸின் படகு. போடில் கோடரியை எடுத்தாள்.

சிட்ஸெல் குறுக்கே நின்றாள். "அண்ணி, அண்ணன் வந்து படகு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்கட்டும்டி. கேக்குற வாயோட வந்தாப் போதும்."

கொதி வந்ததும் ஒரு கிண்ணம் மாட்டு ரத்தம் ஊற்றுவது கொட்டகை வழக்கம். ரத்தம் வெந்து, அழுக்கைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும், வழித்து எறிந்துவிடுவார்கள். சிட்ஸெல் பழக்க தோஷத்தில் கிண்ணத்தைச் சாய்த்தாள். போடில் அலறிக்கொண்டு அவள் கையைப் பிடிப்பதற்குள் நாலு சொட்டு விழுந்துவிட்டது. கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பு நுரை மிதந்து வந்தது. அதை வழித்தெடுக்கவும் பயம், விட்டுவைக்கவும் பயம். கடைசியில் போடில் வழித்து எறிந்தாள்.

"ஐயோ அண்ணி, அண்ணன்ல எது போச்சோ!"

"வாய மூடு. தீயக் கொறை."

நீர் வற்ற வற்ற, அடியில் வெள்ளை படிந்தது. முதலில் குதிகால் கட்டியது, பிறகு முழங்கால், விலா. முகம் கடைசியில் வந்தது. அது வரும்வரை போடில் மூச்சு விட்டதை யாரும் பார்க்கவில்லை. லௌரிட்ஸ் எழுந்து உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டான். இடது காதின் நுனி மட்டும் இல்லை.

"ஏன்டி, குளிக்கிறதுக்கு இவ்வளவு சூடாவா தண்ணி வைப்பாங்க?" என்றவன், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த மரத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான். அது அவன் படகின் மூக்கு.

மறுநாள் அவன் அந்தச் சாம்பலை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினான். தான் வந்தது போல அதுவும் வருமென்று நினைத்தானோ என்னவோ. வந்தது துணி வெளுக்கும் காரநீர். இன்னொரு முறை காய்ச்சினான், அதே காரநீர்தான். அதற்குப் பிறகு அவன் படகைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் காரநீரில் போடில் குளிர்காலம் முழுக்கத் துணி துவைத்தாள்.

லௌரிட்ஸ் இன்னும் இருபது வருஷம் அந்தத் தீவில் இருந்தான். கடலுக்குப் போகவில்லை. குளிப்பதற்குப் பதில் காய்ந்த மணலால் உடம்பைத் தேய்த்துக்கொண்டான். மேகம் கறுத்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள், கொடியில் காயும் துணியைச் சொல்வது போல, "போடில், மழ வருது, வீட்டுக்காரர உள்ள எடுத்து வையி" என்று குரல் கொடுப்பார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. போடில் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும், ஓடித்தான் வந்தாள்.