கொல்லைப்புற விலை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது உடையார்பாளையம் சந்தையில். ஒரு பெண் நெல் வியாபாரியிடம் நாலணாவை நீட்டினாள். அவர் அளந்து போட்டதைப் பார்த்து, "மீதிய எலி தின்னுடுச்சாங்க?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான், அவளுக்கு ஒரு கதையாவது தரவேண்டும் என்று தோன்றியது. (கதையை உலையில் போட முடியாது. தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "1943ஆம் ஆண்டு, உலகப் போரின் விளைவாக விலைவாசியானது..."

வேண்டாம். காத்தாயி கொட்டாவி விடுவாள். (காத்தாயி, சந்தையில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்.)

இரண்டாவது: "சிவசுப்பிரமணியன் என்ற கொடிய மிராசுதார்..."

அதுவும் வேண்டாம். அவர் கொடியவர் அல்லர். கோயிலுக்கு எண்ணெய் கொடுக்கிறவர். நெல் விலை இரட்டித்ததும், களையெடுக்கும் பெண்களுக்குக் கூலி நெல்லை நிறுத்தினார். அந்த நெல்லுக்குச் சண்டைக்கு முந்தைய விலையைப் போட்டு, நாலணாக் காசாகக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த அவ்வளவில் காத்தாயி பிள்ளைகளின் ராச்சோறு பாதியாகிவிட்டது.

3

காத்தாயியும் அவள் கூட்டாளி இருசம்மாளும் கூலிக் காசோடு மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறம் போனார்கள். அவர் மனைவி சுந்தராம்பாள் அங்கே சிறுவாட்டு* நெல் விற்பது ஊருக்கே தெரியும்.

"அம்மா, அய்யா குடுத்த காசுங்க. நெல்லு போடுங்க."

"என்ன வெலைக்குடி?"

"அய்யா போட்ட வெலைக்குத்தாங்க."

சுந்தராம்பாள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"அடி கெட்டிக்காரி! அவரு போட்ட வெலைய நான் மீறலாமா? மடியப் புடிங்கடி."

(இவ்வளவு நல்லவள் உண்டா என்று எனக்கே சந்தேகம். அவளுக்கும் காசு சேர்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்லது செய்பவருக்குக் கொஞ்சம் லாபம் வந்தால் ஆண்டவன் கோபித்துக்கொள்வதில்லை.)

இருசம்மாளின் மடி நிறைந்தது. காத்தாயிக்கு மரக்காலில் அளக்கும்போது, கால் கழுவ வந்த சிவசுப்பிரமணியன் பார்த்துவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?"

"சிறுவாட்டு யாவாரம். ஒங்களுக்கென்ன?"

"என்ன வெல..." என்று தொடங்கியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இருசம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

\* வீட்டுக்காரி தனக்கென்று சேர்க்கும் பணம். அதற்காக அவள் விற்கும் நெல்லுக்குப் புருஷன் விலை கேட்கக்கூடாது. கேட்டால் குறைச்சல் அவருக்குத்தான்.

4

முடிவு ஒன்று: அவர் மரக்காலைப் பிடுங்கி, நெல்லைத் திரும்பக் குதிரில்...

அடித்துவிட்டேன். சாமி விளக்கின் எதிரே உட்கார்ந்து இதை எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: அவர் சிரித்துவிட்டு, "நாளையிலேருந்து கூலிய நெல்லாவே வாங்கிக்கிங்க" என்கிறார்.

இதுதான் நடக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அவர் வாயில் நான் வார்த்தையை வைத்தால் அது என் தருமம், அவருடையது ஆகாது.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். காத்தாயி விரித்த மடிக்கு மேலே மரக்கால் நிற்கிறது. அவர் வாயைத் திறக்கிறார். என்ன சொல்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். நெல் நிறைந்த மரக்கால் கனம். சுந்தராம்பாளுக்குக் கை வலிக்கிறது.