பதினாறு ஆரஞ்சு வரிசைகள்

"உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கும்மா. ரத்தம், ஸ்கேன், எதுலயும் குறை இல்ல. இனிமே பார்க்க வேண்டியது உங்க வீட்டுக்காரரைத்தான்."

"அவருக்கு என்ன டாக்டர்? ஏழு வயசுல பொண்ணு இருக்காளே."

"இருக்கட்டும். ஏழு வருஷத்துல எது வேணும்னாலும் மாறலாம். ஒரே ஒரு டெஸ்ட். பெரிய விஷயமே இல்ல. வரச் சொல்றீங்களா?"

"சொல்றேன் டாக்டர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று டாக்டரம்மா பேனாவை மூடினார். "சொல்லி, கூட்டிட்டு வந்தவங்க ரொம்பக் கம்மி."

இந்தப் பேச்சு நடந்து ஒன்பது மாதமாயிற்று. அந்த ஏழு வயதுப் பெண்ணை வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். குருவியின் அம்மா அதற்குப் பிறகு அந்த டாக்டரம்மாவின் முகத்தில் விழிக்கவில்லை. சொல்லாமல் எந்த முகத்தோடு போவது?

சொல்ல முயலவே இல்லை என்று யாரும் அவளைக் குறை கூற முடியாது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தாள். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். கடையிலிருந்து அப்போதுதான் வந்த கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "கேளேன்" என்றார். களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு. அதைப் பார்த்ததும் வாய்வரை வந்த வார்த்தை வந்த வழியே திரும்பி ஓடிவிட்டது. "பாத்ரூம் பல்பு போயிடுச்சு, மாத்திடுங்க" என்றாள்.

அந்த ஒரு வேண்டுகோளுக்குப் பதிலாக இந்த ஒன்பது மாதத்தில் அவர் மூன்று பல்பு மாற்றினார், சமையலறைக் குழாய்க்கு வாஷர் போட்டார், கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். வீடு புதுசு மாதிரி ஆனதுதான் மிச்சம்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். காலை முதல் மாலை வரை ஊரார் கண்ணையெல்லாம் பார்ப்பார். தன் பல் வலிக்குக்கூட டாக்டரிடம் போகாமல் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்காருவார். தங்கமான மனிதர், ஆனால் தொட்டால் சுருங்கி. ஒருமுறை கடை முதலாளி, "என்னப்பா, ரெண்டாவது எப்போ?" என்று விளையாட்டாகக் கேட்டதற்கே இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

ஆகவே, அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், தான் செய்யக்கூடியதையெல்லாம் குருவியின் அம்மா செய்துகொண்டிருந்தாள்.

தினமும் காலை ஐந்தரைக்கு அலாரம். கண்ணைத் திறந்ததும், எழுந்திருக்காமல், பேசாமல், தலையணைக்கடியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து நாக்குக்கடியில் வைக்க வேண்டும். வந்த எண்ணைக் கட்டம் போட்ட நோட்டில் எழுத வேண்டும். கருமுட்டை வெளியாகும்வரை உடம்புச் சூடு தாழ்ந்தே இருக்கும். வெளியான மறுநாள் கொஞ்சம் ஏறும். கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கிவிடும்; அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து மாதவிலக்கு வரும். முதலில் போனில் ஒரு செயலி வைத்திருந்தாள். அது மாதம் தவறாமல் சிரிக்கிற பூ ஒன்றைக் காட்டி, 'இன்று உங்கள் நாள்!' என்று குதித்தது. குருவி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னைக்கு உன் நாளாம். கேக் எங்கே?" என்று கேட்ட அன்றே அழித்துவிட்டாள். நோட்டு வாயைத் திறக்காது.

கைவேலை செய்கிறவளுக்கு நோட்டு மட்டும் போதுமா? குரோஷா ஊசியும் நூலும் அவளுக்கு மூச்சு மாதிரி. தினமும் எண்ணை எழுதியதும் அதே கையோடு போர்வையில் ஒரு வரிசை பின்னினாள். சூடு தாழ்ந்த நாளுக்கு நீலம், ஏறிய நாளுக்கு ஆரஞ்சு. பதினைந்து நீலம், பதிமூன்று ஆரஞ்சு. மறுபடி பதினைந்து நீலம், பதிமூன்று ஆரஞ்சு. ஒன்பது மாதத்தில் போர்வை கட்டிலின் அகலத்தைத் தாண்டித் தரையைத் தொட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும், "எவ்ளோ ஒழுங்கா வந்திருக்கு!" என்றார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு மாதம், ஒரே ஒரு மாதமாவது ஆரஞ்சு நிற்காமல் ஓடக்கூடாதா?

இந்த மாதம் ஓடியது.

அந்த வாரம் அவளுக்கு மூச்சு விட நேரமில்லை. ஒரு நடனப் பள்ளியின் விழாவுக்கு அறுபது கொண்டை வலை கேட்டிருந்தார்கள். அறுபது தலைக்கும் அறுபது வலை, கருப்பு நூலில், நடுவில் ஒரு வெள்ளை மணி. பின்னிப் பின்னி விரல் மரத்துப்போய், விழுந்த இடத்தில் தூங்கினாள். புதன்கிழமையோடு பதிமூன்று ஆரஞ்சு முடிந்திருந்தது. வியாழன் அன்று அலாரம் அவள் காதிலேயே விழவில்லை. பதறி எழுந்தபோது மணி ஏழு.

"பதறாதே. அசந்து தூங்கின. நானே வெச்சுப் பார்த்து எழுதிட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர், பல் தேய்த்துக்கொண்டே.

நோட்டில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: 98.2. ஆரஞ்சு. தூங்குகிறவள் வாயில் இவர் தெர்மாமீட்டர் வைப்பது புதிதில்லை. முன்பும் இரண்டு முறை செய்திருக்கிறார். வெள்ளிக்கிழமையும் அதேபோல் 98.2. சனிக்கிழமை 98.3. பதினாறு ஆரஞ்சு வரிசை! பதினாறாவதைப் பின்னும்போது கண்ணி தவறி, இரண்டு முறை பிரித்துப் போட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. திங்கட்கிழமை மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தெருவில் போகிற குழந்தை வண்டியை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குளியல் நாள். அன்றும் அவரே எழுதிவைத்திருந்தார், 98.2; வரிசையை அப்புறம் பின்னிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். குருவிக்கு அந்தப் பெயர் வந்ததே தலைமுடியால்தான். அடர்ந்த சுருட்டை, ஒரு நாள் சீவாவிட்டால் குருவி கூடு கட்டிவிடும். முக்காலியில் உட்காரவைத்து, ஈர முடியை ஆறு பாகமாகப் பிரித்து, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தால் தெருவே கூடும்படி அலறுவாள்.

"ஆ! அம்மா, கொல்றே!"

"இன்னும் சீப்பே வைக்கலடி."

"வைக்கப்போறேல்ல!"

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். கண்ணாடிக்காரரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி பார்லர் வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்குள் வந்தால் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, உச்சந்தலையைத்தான்.

"என்ன அண்ணி, வகிடு இப்படி அகண்டு போச்சு? ரோடு போட்டுடலாம் போல!" அண்ணியின் பின்னலைக் கையில் எடுத்து உருவினாள். ஏழெட்டு முடி விரலோடு வந்தது. "பாருங்க. சத்தே இல்ல. இப்படி இருந்தா உள்ள எப்படி ஒண்ணு தங்கும்? நான் குடுத்த எண்ணெயைத் தேய்க்கிறீங்களா, இல்லையா?"

"தேய்க்கிறேன்."

"சும்மா சொல்லாதீங்க. ராத்திரியெல்லாம் உக்காந்து வலை பின்னினா முடி இருக்குமா, பிள்ளைதான் வருமா? கொஞ்சம் உடம்பைப் பாருங்க அண்ணி. எங்க அண்ணனுக்கு என்ன, சிங்கம் மாதிரி இருக்கான்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த சிங்கம் சிரித்தது. "ஆமா ஆமா. அதான் குருவியே சாட்சிக்கு இருக்காளே."

சீப்பு எங்கோ சிக்கிக்கொண்டது. குருவி அலறினாள். "சாரிடா கண்ணு, சாரி" என்றாள் அம்மா. அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் இல்லை. பதினாறு வரிசை அவள் பக்கம் இருக்கிறது. நாளைக்கு இந்த வாயெல்லாம் தானாக மூடும். அந்த நினைப்பில்தான் எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

ஆறாவது பாகத்தைச் சீவி முடித்தபோது அடிவயிற்றில் அந்தப் பழகிய இழுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

போன வேகத்தில் வரவில்லை. உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு, கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் மண்டைக்குள் குடைந்தது: இன்று காலைகூட நோட்டில் 98.2 இருந்ததே, அதெப்படி?

வெளியே வந்தபோது நாத்தனார் குருவிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "நுனியெல்லாம் பிளந்திருக்கு அண்ணி. பார்லருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு விரல் அளவு வெட்டி அனுப்பறேன்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீடு அமைதியானது. குருவியின் அம்மா நோட்டை எடுத்துவந்து கணவர் முன்னால் விரித்தாள்.

"எனக்கு வந்துடுச்சுங்க."

"என்ன வந்துடுச்சு?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் செய்தித்தாளை மடித்தார். "ஓ. சரி விடும்மா. அடுத்த மாசம்..."

"இது எப்படிங்க 98.2? இந்நேரம் இறங்கியிருக்கணுமே. என் வாயிலதானே வெச்சீங்க?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"என்னங்க?"

"உன்னை எழுப்ப மனசு வரல. பல்லை வேற கெட்டியா கடிச்சுக்கிட்டுத் தூங்கின. கட்டம் காலியா இருந்தா நீ வருத்தப்படுவியேன்னு..."

"வருத்தப்படுவேன்னு?"

"என் வாயில வெச்சுப் பார்த்து எழுதிட்டேன்."

அவளுக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. "நாலு நாளுமா?"

"நாலு நாளும்தான்." அசடு வழிந்தார். "ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ரெண்டு பேருக்கும் பெருசா என்ன வித்தியாசம் வந்துடும்னு நினைச்சேன்."

குருவியின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. கடைசி மூன்று ஆரஞ்சும் இவருடையவை. வண்டியில் போன குழந்தையைத் திரும்பிப் பார்க்கவைத்தது இவருடைய சூடு!

"உங்க கடைக்குக் கண் டெஸ்டுக்கு ஒருத்தர் வர்றார். தூங்கிட்டார். அவருக்குப் பதிலா அவர் பொண்டாட்டி எழுத்தைப் படிச்சா, அவருக்கு நம்பர் எழுதிக் குடுப்பீங்களா?"

"தப்புதான்மா. ஒத்துக்கறேன்."

"மூணு நாளா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதினது வெறும் நம்பர்."

அவர் எழுந்துவந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கட்டிலிலிருந்து போர்வையின் முனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஏதாவது செய்தால் தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். "இந்த மூணையும் பிரிச்சுடலாமா? நான் நூலைச் சுத்தித் தரேன்."

"வேண்டாம்."

"சரி. நல்ல கடிகாரமா ஒண்ணு வாங்கறேன். ரெண்டு அலாரம் வெச்சது. உன்னை எழுப்புறது என் பொறுப்பு. அப்புறம் தங்கச்சி சொன்னாளே, அந்தச் சத்து மாத்திரை..."

அவர் பேசிக்கொண்டே போனார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மனிதர். அவள் தூக்கம் கலையக்கூடாதென்று நாலு நாள் விடியற்காலையில் எழுந்து, நாக்குக்கடியில் தெர்மாமீட்டரோடு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்த நல்ல மனதுக்குப் பயந்துதானே ஒன்பது மாதம் வாயைக் கட்டிப்போட்டாள்? அவர் மனம் நோகக்கூடாதென்று இவள் மறைத்தாள்; இவள் மனம் நோகக்கூடாதென்று அவர் பொய் எழுதினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கித் தாங்கியே ஒன்பது மாதத்தைக் கோட்டைவிட்டார்கள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது கையில், இப்படித் தாங்கிக்கொண்டிருக்க?

"எனக்குக் கடிகாரமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்" என்றாள்.

"பின்ன என்னதான் வேணும்? கேளு, செய்யறேன்."

வார்த்தை வாய்வரை வந்தது. வழக்கம்போல் திரும்பப் பார்த்தது. அவர் முகம் இப்போதே சுருங்கத் தொடங்கியிருந்தது. எதற்கென்று அவருக்கே தெரியாமல் பயந்திருந்தார். சுருங்கட்டும் என்று நினைத்தாள். இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும். நாலு நாள் இருக்கட்டும். அதற்காக அவர் இல்லாமல் போய்விடப் போவதில்லை.

"ஒன்பது மாசம் முன்னாடி டாக்டரம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. எனக்கு எந்தக் குறையும் இல்லையாம். இனிமே உங்களைத்தான் பார்க்கணுமாம். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் கை போர்வைமேல் அசையாமல் நின்றது.

"கோபப்பட்டாலும் பரவாயில்ல, பேசாம இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். "நீங்க டெஸ்ட் எடுத்துக்கணும்ங்க. நாளைக்குக் காலையில. என்கூட வாங்க."