புகாரே இல்லாத கம்பெனி

கல்பனா புகார்ப் பதிவேட்டை மறுபடியும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டாள். மூன்று வருடமாக ஒரு வரி இல்லை. ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற வழியில் இருக்கும் அந்த பேண்டேஜ் கம்பெனிக்கு அவள் சூப்பர்வைசர். பெண்கள் பாதுகாப்புக் குழுவுக்கும் அவளே தலைவி. வேலைக்கு வருகிற பெண்ணை வீட்டில் யாராவது அடித்தால் அதில் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. புகாரே வராத கம்பெனிக்கு அன்று மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலாளிகள் சங்கம் கேடயம் கொடுக்கிறது. அதற்கென்றே பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். புகார் எதுவும் இல்லை என்கிற படிவத்தில் அவள் கையெழுத்துதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் எட்வின் வந்தார். "ரோல் காணாமப் போய்க்கிட்டே இருக்கு கல்பனா. கிளம்புறதுக்கு முன்னாடி பொம்பளைக பையைச் செத்த பாத்துருங்க."

நல்ல நாளில் இது வேறயா என்று எரிச்சலோடு போனாள். நாற்பது பைகளை மேஜையில் கொட்டியதில் பதினோரு பைகளில் பேண்டேஜ் ரோல் இருந்தது. அதில் ஒன்று மாரிச்செல்வியுடையது.

"ஏட்டி, நீயுமா? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

கல்பனாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கண் வீங்கி வந்து நின்றவள் இவள். எழுதினால் ஸ்டேஷன், கோர்ட்டு என்று குடும்பம் நாறிப்போகும் என்று கல்பனாதான் பதிவேட்டை மூடி வைத்தாள். புருஷன் சிவபாண்டியைக் கம்பெனி கேட்டுக்கே வரவழைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். அந்தக் கதையை அவள் சொல்லாத இடமில்லை. பிறகு வந்தவர்களையும் அப்படித்தான் முடித்து அனுப்பினாள்.

மாரிச்செல்வி நீல யூனிபார்ம் கோட்டைத் தூக்கினாள். இடுப்பிலிருந்து விலா வரை பேண்டேஜ் சுற்றியிருந்தது. ஓரத்தில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"மெடிக்கல்ல கேட்டா எதுக்குன்னு கேப்பாகல்லாக்கா. அதான் எடுத்தேன்."

"அவன்தான் சத்தியம் பண்ணினானே!"

"நீங்க பேசுன பொறவு அவிய மூஞ்சில அடிக்கிறதில்லக்கா. மூஞ்சில அடிச்சா நீங்க கண்டுபிடிச்சிருவீகன்னு அவியளுக்குத் தெரியும்."

கல்பனா மற்ற பத்து பேரையும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகத்திலும் கீறல் இல்லை. அந்த முகங்களைத் தினமும் காலையில் கேட்டில் பார்த்து, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நிம்மதியாக உள்ளே போனவள் அவள். இரு, அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று போனை எடுத்தாள்.

மாரிச்செல்வி பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியளக் கூப்பிட்டு மட்டும் பேசிராதீகக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இவர்கள் இத்தனை நாளும் பயந்தது புருஷனுக்கு மட்டுமல்ல, தனக்கும் சேர்த்துத்தான் என்று கல்பனாவுக்கு உறைத்தது. போனை வைத்தாள். கையெழுத்துப் போடாத படிவத்தை நாலாகக் கிழித்தாள். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தபோது எட்வின், "விழாவுக்கு நேரமாச்சு கல்பனா," என்றார்.

"வேனைச் சொல்லுங்க சார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போறோம். மகளிர் ஸ்டேஷனுக்கு." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "எழுதட்டுமாட்டி?"

மாரிச்செல்வி கோட்டை இறக்கிவிட்டுக்கொண்டாள். "எழுதுங்க. இன்னைக்குச் சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன். அதையும் எழுதுங்க."

அவளுக்குப் பின்னால், தங்களுடையதையும் எழுதச் சொல்லி மூன்று பேர் வந்து நின்றார்கள். மற்ற ஏழு பேரும் மேஜைக்கு வந்து, ஆளுக்கொரு ரோலைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கல்பனா தடுக்கவில்லை.