திறந்த கதவும் ஈயத் தாழும்

ஞாயிறு எழுந்து கூரைகளின் ஈரம் உலரத் தொடங்கிய வேளையில், சிலுவைக் கோயிலின் கிழக்குச் சாளரம், செம்மையும் நீலமும் பொன்மையுமாய்த் தன் வண்ணங்களையெல்லாம் கல்தரைமீது வாரியிறைத்து நின்ற அழகை, கலைநயம் அறிந்தவரே, நீவிர் கண்டிருக்க வேண்டும்! ஆடையாலைத் தீயில் மாண்ட பதினொரு பெண்களின் நினைவாக ஆலை முதலாளி எழுப்பிய புதுச்சாளரம் அது. மாண்டவர் பெயர்கள் கடுகளவிலும் கொடுத்தவர் பெயர் பூசணியளவிலும் பொறிக்கப்பட்டிருந்ததை ஊரே முணுமுணுத்தது. முணுமுணுப்பதில் இவ்வூரை விஞ்ச எவ்வூரால் இயலும்?

தையற்காரியின் கண்களோ எழுத்தில் நிற்கவில்லை. தங்கையை அத்தீக்குப் பறிகொடுத்தவள், கூட்டத்தை விலக்கி முன்வந்து, விரியத் திறந்ததோர் பச்சைக் கதவின் வழியே பெண்கள் ஒளியை நோக்கி நடப்பதாகத் தீட்டியிருந்ததைக் கண்டு, உலையிலிட்ட இரும்பெனச் சிவந்தாள்.

"இந்தக் கதவை யாரு தொறந்தது?"

"அது மோட்சத்துக் கதவும்மா" என்று குழைந்தார் முதலாளி.

"மோட்சத்துக்கும் உங்க ஆலைப் பச்சையா? அதே பித்தளைப் பிடியா? பூட்டிச் சாவியப் பையில போட்டுக்கிட்டுப் போனவருதானே நீங்க!"

"மெதுவாப் பேசும்மா, இது கோயில்" என்றார் அருள்தந்தை.

"நான் கத்துறது கேக்குதில்ல சாமி? உள்ள கெடந்து எந்தங்கச்சி கத்தினது இவருக்குக் கேக்கலையே!"

சொல்லி முடிக்குமுன், இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை உருவி, அதன் கைப்பிடியால் அக்கதவை ஓங்கி அறைந்தாள். பச்சைக் கண்ணாடியின் குறுக்கே விரிசல் ஓடியது. 'ஐயோ' என்று வாய்பொத்திய அத்தனை பேரும், உச்சிப்பொழுதுக்குள் அச்செய்தியை அடுப்படிதோறும் கொண்டு சேர்த்தனர்.

மறுவாரம், அச்சாளரத்தைச் செய்துகொடுத்த கண்ணாடி வினைஞர் வந்தார். வேடிக்கை பார்க்க ஊரும், வழிபட வந்ததாகச் சொல்லிக்கொண்டு, திரண்டது.

"புதுத்துண்டு போடுய்யா!" என்று சீறினார் முதலாளி.

"அந்தப் பச்சை இனிமே கிடைக்காதுங்க. விரிசல் மேல ஈயப்பட்டை வச்சு இறுக்குறதுதான் எங்க வழக்கம்" என்ற வினைஞர், தையற்காரியை ஒருமுறை நோக்கிவிட்டுத் தாழ்குரலில் தொடர்ந்தார்: "வரையச் சொல்லிக் கதவோட படத்தக் குடுத்தீங்க. பூட்டைப் பத்தி மூச்சே விடலையேங்க."

வினைஞர் வைத்த கரிய ஈயப்பட்டை, திறந்த கதவின் குறுக்கே தாழ்ப்பாளெனக் கிடந்தது. அன்றுமுதல் ஞாயிறுதோறும், சிந்திய வண்ணங்களின் நடுவே அத்தாழின் நிழல் முன்வரிசைக்கு வந்து, முதலாளியின் வெள்ளைச் சட்டையைக் குறுக்கே வெட்டுகிறது. அவர் இருக்கையை மாற்றிப் பார்த்தார், கதிரவனும் நகர்ந்தான். பதினொருவரும் மீளவில்லை. தையற்காரியின் சினமும் ஆறவில்லை. அது ஆறவும் வேண்டா.