ஆரோக்கியர் எண் இருபத்து மூன்று

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் கணவர் ஹில்மியுடையது. "எதை வேணும்னாலும் எழுது, என் ஆய்வகத்தை மட்டும் கதையாக்கிடாதே" என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். நானும் கேட்டு நடந்தேன். போன நவம்பரில் அவருடைய மாணவி நாஹித் எனக்கு ஃபோன் செய்திருக்காவிட்டால் இன்னும் கேட்டு நடந்திருப்பேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "மன்சூராவில், நைல் நதியின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு

(வேண்டாம். அன்று பனிமூட்டமே இல்லை. நான் சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.)

2

கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

ஹில்மி கல்லீரல் டாக்டர். அவருடைய அண்ணனைக் கல்லீரல் புற்றுநோய்தான் கொண்டுபோனது. ஸ்கேனில் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அதன்பிறகு பன்னிரண்டு வருஷமாக இவர் ரத்தத்தில் ஒரு துணுக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற வகையைச் சேர்ந்தது. ஜீன்கள் அனுப்பும் செய்திகளைப் பாதிவழியில் மறித்து வாயடைப்பது அந்த வகையின் வேலை. (எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது யார் என்று நான் எழுதப்போவதில்லை.) கல்லீரலில் புற்று தொடங்கும்போதே இந்தத் துணுக்கு ரத்தத்தில் பெருகிவிடும், ஸ்கேனுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. என்றாவது மருந்தால் அதையே அடக்கி நோயை நிறுத்திவிடலாம் என்பது அவருடைய கனவு.

நோயாளிகளோடு ஒப்பிட ஐம்பது ஆரோக்கியமானவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. ஒரு ஆள் குறைந்தது. ஹில்மி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எண் இருபத்து மூன்று.

3

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. நாஹித் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"டாக்டர், ஆரோக்கியர் பட்டியல்ல இருபத்து மூணு மட்டும் நோயாளிங்களோட போய் நிக்குது."

"ரத்தம் எடுக்கறப்போ செல் உடைஞ்சிருக்கும். திரும்ப எடு."

"அது யாருன்னு..."

"தெரியும். இந்தா கை."

மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் அதே அளவு.

"அந்த ஒரு எண்ணைத் தூக்கிட்டா அட்டவணை சுத்தமாயிடும், டாக்டர்."

"தூக்கினா நான் ஆரோக்கியமாயிடுவேனா?"

"இல்ல..."

"அப்போ அது அங்கேயே இருக்கட்டும்."

(நாஹித் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல பெண். ஆனால் அவளுடைய முனைவர் பட்டமும் அந்த அட்டவணையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னதாக அவளே ஒப்புக்கொண்டாள்.)

4

"மேடம், ஸ்கேன் எடுக்க வரமாட்டேங்கறார். நீங்கதான் இழுத்துட்டு வரணும்" என்றாள் ஃபோனில்.

அன்று சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். "எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறு வாரம். அது ஆய்வகத்து விஷயம், இனாயத்."

"கல்லீரல் யாருது? அதுவும் ஆய்வகத்துதா?"

சிரித்தார். பிறகு தட்டைத் தள்ளிவைத்தார். "ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது. ஸ்கேன்ல தெரியாதப்பவே காட்டணும்னுதானே இத்தனை வருஷமா இதோட மல்லுக்கட்டறேன்?"

இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேன் சுத்தமாக வந்தது. நான் ஆஸ்பத்திரி நடைவழியிலேயே அழுதேன், வீடு திரும்பும் வழியில் ஒரு கிலோ பஸ்பூஸா இனிப்பு வாங்கினேன். அவர் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆய்வுக் கட்டுரையை இருபத்து மூன்றாம் எண்ணோடுதான் அனுப்பினார்.

5

இந்த இடத்தில் கதை எனக்கு இரண்டாகப் பிளந்துவிட்டது.

முதல் முடிவு: அவருக்கு நோய் எதுவும் இல்லை. அப்படியானால் அந்தத் துணுக்கு பொய் சொல்லியிருக்கிறது. பன்னிரண்டு வருஷ உழைப்பில் பெரிய ஓட்டை.

இரண்டாம் முடிவு: துணுக்கு சொன்னது உண்மை. அப்படியானால் அவர்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். அப்படியே கிடக்கட்டும்.)

மனைவியாக நான் எதை வேண்டிக்கொள்வேன் என்பது உங்களுக்கே தெரியும். அவர் எதை வேண்டிக்கொள்வார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இன்று இரண்டாவது ஸ்கேன். காலையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"எது வரணும்னு நினைக்கறீங்க?"

"நீ எதைக் கேட்டுத் தொழுதியோ அதுவே வரட்டும்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

மேல் பொத்தானை இரண்டு முறை தவறவிட்டார். "அதை மட்டும் கேக்காதே, இனாயத்."

6

அவர் காலணி தேடும் நேரத்தில் மூன்றாவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஸ்கேனில் ஒரு சிறு புள்ளி தெரிகிறது. அறுத்து எடுத்துவிடக்கூடிய அளவு. அவர் பிழைத்துக்கொள்கிறார், துணுக்கும் ஜெயிக்கிறது. நாஹித் கைதட்டுகிறாள். கதைக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். பிறகுதான் உறைத்தது, என் கணவருக்கு நானே நோயை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. தாளைக் கிழித்துப் போட்டேன்.

கீழே டாக்ஸி ஹார்ன் அடிக்கிறது. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரோடு போகிறேன்.