இந்த மாடலில் அந்த வசதி இல்லை

இன்று மாலைக்குள் பதில் அனுப்பியாக வேண்டும். பயிற்சி நிலையம் கேட்டது ஒன்றுதான்: உங்கள் கம்ப்யூட்டரின் பிராசஸரில் வர்ச்சுவலைசேஷன் வசதி உண்டா? அதாவது, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டுமா? உண்டென்றால் நாளைக்கே வகுப்பு, முடித்தால் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷன், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். 'வர்ச்சுவலைசேஷன்: டிஸேபிள்டு' என்றிருந்தது.

அதற்கு வசதியே இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருமுன் திறக்கும் பயாஸ் என்ற செட்டிங்குக்குள் போய் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. வருஷக்கணக்காக இதே வீட்டிலிருந்து கஸ்டமர் கேர் போனில் ஊருக்கெல்லாம் வழி சொன்னவருக்கு இது தெரியாதா? கைதான் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு பயிற்சிகளில் சேர்ந்து, பிள்ளை வயசுக்காரர்கள் நடுவே திருதிருவென்று முழித்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்தவர். இன்னொரு முறை முழிக்கத் தெம்பில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராக இருந்ததுதான் அவருக்குத் தொல்லை.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன ஆச்சு?" என்றாள்.

"இந்த மாடல்ல அந்த வசதி இல்லம்மா. நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

கஸ்டமர் கேரில் அலுப்பான நாட்களில் அழைப்பை முடிக்க அவர் சொல்லிவந்த அதே வாசகம். கேட்டவர்கள் தலையெழுத்தை நொந்துகொண்டு போனை வைத்துவிடுவார்கள்.

மனைவி சண்டைக்கு வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "பரவால்ல விடுங்க. ஞாயித்துக்கிழமையும் டியூட்டி பாக்குறேன்னு லேப்ல காலையிலேயே சொல்லிட்டேன்."

"காலையிலேயேவா? நான் அப்போ பாக்கவே இல்லையே!"

"பாத்துட்டு என்ன சொல்லுவீங்கன்னு தெரியாதா? பக்கத்து ரூம்ல இருந்து எத்தனை வருஷம் கேட்டிருக்கேன் இந்தக் குரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அலுப்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தார். பயாஸுக்குள் போய் அந்த வரியை மாற்றி, சேமித்து வெளியே வந்தார். இப்போது 'எனேபிள்டு' என்றிருந்தது. பார்த்து அவர் சந்தோஷப்படவில்லை. சாக்கு போய்விட்டதே என்றுதான் நினைத்தார். ஆனாலும், 'வசதி உண்டு, வருகிறேன்' என்று எழுதி அனுப்பினார்.

"தூங்கிட்டியா?" என்றார் மெதுவாக. "அந்த வசதி இருக்கு. நாளைக்குப் போறேன். அந்த ஞாயித்துக்கிழமை டியூட்டிய வேணாம்னு சொல்லிடேன்."

"மெஷின்ல இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "டியூட்டி இப்போதைக்கு இருக்கட்டும்."