திரும்பி வந்த தலை

ஜெர்மனியிலிருந்து ஒரு மண்டையோடு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதற்குச் சொந்தம் கொண்டாட எங்கள் ஊரில் அடிபடாத குறை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தப் பக்கம் வந்த ஜெர்மன் வைத்தியர் ஒருவர் எங்கள் மண்ணிலிருந்து தோண்டிக்கொண்டு போன தலை அது. இத்தனை காலமும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது. இப்போது அவர்களுக்கு மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். வைத்தியரின் குறிப்பில் உங்கள் ஊரின் பெயர் இருக்கிறது, உரிய ஆட்களிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

உரிய ஆள் யார் என்பதில் சோமாஸ்கந்தருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் கோயில் தர்மகர்த்தா, இளைப்பாறிய கல்வி அதிகாரி. அந்த வைத்தியர் தங்கியிருந்தது தங்கள் வீட்டில்தான் என்று அவருடைய குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

"எங்கடை பூட்டன்ரை தமையன் ஒராள் வெள்ளைக்காரனோடை சண்டை பிடிச்சுச் செத்தவர். அவற்ரை தலைதான் உது. வேறை ஆற்ரையாய் இருக்கும்?" என்று கோயில் மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த ஒரு மாலைக்குள் எங்கள் ஊருக்கு ஒரு மாவீரர் பிறந்துவிட்டார்.

நானும் அந்தக் கூட்டத்தில் கதவோரக் கதிரையில் இருந்தேன். என் பெயர் உதயகலா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஜெர்மன்காரருக்கு ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவைப்பட்டதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றும்படி எங்கள் பகுதி ஆட்களை அந்த மண்டபத்துக்குள் கூப்பிடும் வழக்கம் இல்லை. தேத்தண்ணியும் எனக்கு மட்டும் கடதாசிக் கோப்பையில் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சோமாஸ்கந்தரின் ஆட்கள் பரம்பரை பரம்பரையாகப் பிணத்தை எரிப்பவர்கள். எரிந்து சாம்பலாகிக் கீரிமலைக் கடலில் கரைந்தவனின் தலையை எந்த வைத்தியர் தோண்டி எடுப்பார்? அந்தக் காலத்தில் எரிப்பதற்கு எங்களை விடவில்லை. கடற்கரையில் புதைக்கத்தான் விட்டார்கள். புதைத்தவனைத்தானே தோண்டலாம்! இவ்வளவு படித்த மனிதருக்கு இது ஓடவில்லை. பூட்டன் என்றதும் மூளை நின்றுவிட்டது.

பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பிய படத்தில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. மண்டையோட்டின் நெற்றியில், கறுப்பு மையால், பெரிய ஆங்கில எழுத்தில் எங்கள் சாதியின் பெயர் எழுதியிருந்தது. அந்த நெற்றியில் செத்தவனின் பெயர் கிடையாது, ஊர்கூடக் கிடையாது, சாதி மட்டும் இருந்தது. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். பள்ளிக்கூட மதிலில் கரியால் எழுதி வைத்ததை வேண்டிய மட்டும் வாசித்துவிட்டேன்.

படத்தை நான் அப்பாவைத் தவிர ஒருவருக்கும் காட்டவில்லை. காரணம் அம்மா. இப்போது நாங்களும் எரிக்கிறோம், ஆனால் ஊர்ச் சுடலையில் இல்லை. அங்கே சீமெந்து மேடை இருக்கிறது, தகரக் கூரை இருக்கிறது. எங்களுக்கு விட்டது கடலோரப் பள்ளம். அம்மா கார்த்திகை மழையில் செத்துப்போனா. தண்ணீர் நின்ற பள்ளத்தில் விறகு பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. அடுத்தநாள் சாம்பல் அள்ளிக் காடாத்தப் போன அப்பா, அரைகுறையாகக் கிடந்த அம்மாவைக் கண்டார்.

அதனால் நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் ஆள் ஒருவன், ஒரேயொருவன், அந்தக் கூரையின் கீழே மேளதாளத்தோடு எரியட்டும். எரிந்து முடிந்தபிறகு படத்தை ஊர் முழுக்கக் காட்டுவேன். அதற்குப் பிறகு எந்த வாயால் எங்களை மறிப்பார்கள் என்று பார்ப்போம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உனக்கேன் பிள்ளை உந்தக் கொழுவல்? எங்கடை ஆளெண்டால் எங்களிட்டைத் தாங்கோ எண்டு கேட்டு வாங்கு."

"வாங்கினால் பள்ளத்துக்குத்தானே கொண்டு போகவேணும் அப்பா."

"பள்ளமெண்டாலும் நாங்கள் தூக்கிக்கொண்டு போவம்" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. தலை வரும் பெட்டியைத் திறக்கக்கூடாது, அது பல்கலைக்கழகத்தின் சட்டம் என்று சோமாஸ்கந்தருக்கு ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன்.

தலை வந்த நாளில் சோமாஸ்கந்தரின் முற்றத்தில் பெரிய பந்தல். வாசலில் முறுக்கு மீசையும் வாளுமாக யாரோ கீறிய வீரனின் படம். அளவெட்டியிலிருந்து மேளம் வந்திருந்தது. செத்தவீட்டுக்கு நாதஸ்வரமா என்று குருக்கள் இழுத்தார். "இது செத்தவீடில்லை ஐயா, வரவேற்பு" என்று சோமாஸ்கந்தர் அவரை அடக்கினார். பெட்டியைப் பந்தலின் நடுவில் ஒரு நீட்டு மர வாங்கின்மேல் வைத்துப் பட்டுப் போர்த்தியிருந்தார்கள். சுடலையில் சிதையும் அடுக்கியாயிற்று. இனித் தூக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் சோமாஸ்கந்தரின் மனைவி செல்வநாயகி அரிசித் தட்டத்தோடு வந்தா.

"வாய்க்கரிசி போடாமல் அனுப்பேலாது."

"பெட்டிக்கு மேலை போடுங்கோ அன்ரி. திறக்கக்கூடாது."

"பலகைக்கோ அரிசி போடுறது? உந்த மனிசன் எத்தினை காலம் பசியோடை கிடந்திருக்கும்! நீ தள்ளு பிள்ளை."

அவ உண்மையாகவே அழுதுகொண்டிருந்தா. அந்தக் கூட்டத்தில் அந்தத் தலைக்காக அழுதது அவ ஒருவர்தான். அதனாலேயே என்னால் அவவின் கையைப் பிடித்து மறிக்க முடியாமல் போயிற்று. மூடியைத் திறந்தா. சுற்றியிருந்த வெள்ளைக் கடதாசியைப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல மெதுவாக விலக்கினா. தாடைக்குள் மூன்று தரம் அரிசி போட்டா.

மாலை போடக் குனிந்த சோமாஸ்கந்தர் நெற்றியைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உத்தியோகம் பார்த்த பழக்கத்தில், அங்கே இருந்ததை உரக்க வாசித்தார்.

மேளம் நின்றது. செல்வநாயகி கையைச் சேலையில் துடைத்தா. பிறகும் துடைத்தா.

"உனக்குத் தெரியும்" என்றார் அவர் என்னிடம்.

"ஓம் சேர்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை பூட்டன்ரை தமையனெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவருடைய முகம் கறுத்தது. "கொண்டு போகச் சொல்லுங்கோ" என்றார், என்னைப் பார்க்காமல். பெட்டியைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் நாலு பேர் அதை வாங்கோடு சேர்த்துத் தூக்கி ஒழுங்கையில் கொண்டுபோய் வைத்தார்கள். வாங்கையும் திருப்பி எடுக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுக்கின சிதையை வெறுமனே விடக்கூடாது என்று குருக்கள் சொன்னார். உடல் கிடைக்காத ஆளுக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் ஊரில் உண்டு. பந்தலுக்குள்ளேயே தர்ப்பையை முடிந்து ஒரு உருவம் செய்தார்கள். அதற்குப் பட்டுப் போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். மேளம் திரும்பவும் தொடங்கியது. பூட்டனின் தமையன், பிறந்தாரோ இல்லையோ, ஊர்வலமாகப் புறப்பட்டார். நான் ஒழுங்கையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் புல்லுக்குக் கிடைத்த மரியாதை என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே என்று குமுறிக் குமுறி அழுதேன்.

செய்தி கேட்டு அப்பா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வா ராசா, எங்கடை இடத்துக்குப் போவம்" என்றார்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அன்று நான் போனேன். பள்ளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து, அப்பா அந்த நெற்றியைக் கடல் தண்ணீரால் கழுவினார். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மை அசையவில்லை. பல்லுக்குள் அரிசி ஒட்டியிருந்தது. நான் எடுக்கப் போனபோது தடுத்தார்.

"இருக்கட்டும் பிள்ளை. அவன் பசியோடை வந்தவன்."

"புதைப்பமோ அப்பா?"

"புதைச்சால் பிறகும் ஆரும் தோண்டுவாங்கள். எரிப்பம்."

பண்டத்தரிப்பிலிருந்து விறகு வந்தது. அடிவிறகு ஈரத்தை உறிஞ்சிப் புகைந்துகொண்டேயிருந்தது. வயல்களுக்கு அப்பால் ஊர்ச் சுடலைப் பக்கம் மேளம் கேட்டது. புல்லல்லவா, அங்கே ஒரு நொடியில் பிடித்திருக்கும். நான் ஓலையை மாறி மாறித் திணித்தேன். நெருப்பு ஏறி நெற்றியைத் தொட்டதும் எழுத்துப் பழுப்பாகி, பிறகு இல்லாமல் போயிற்று.

"எழுத்து அழிஞ்சிட்டுது அப்பா."

"எலும்பிலையிருந்து அழிஞ்சிட்டுது" என்றார் அவர். விறகைத் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது சோமாஸ்கந்தரின் வீட்டு ஒழுங்கையால்தான் நடந்து வரவேண்டியிருந்தது. வாங்கு வாய்க்கால் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. செல்வநாயகி தலைமுழுகி, ஈரத் தலையோடு, பெட்டி இருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றா. கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. எங்களைக் கண்டதும் செம்போடு மதிலோரம் ஒதுங்கினா.

"பாத்துப் போ பிள்ளை" என்றா. "ஈரம். வழுக்கும்."

அப்பா சாறத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார். என் காலில் பள்ளத்துச் சாம்பலும் சேறும் ஒட்டியிருந்தன. நான் நடுவால் நடந்தேன்.